கொதிக்காத வெந்நீரிலிருந்து மின்சாரம்: பைனரி புவிவெப்ப நிலையங்களில் பயனுறு திறனை உயர்த்துவது எப்படி?

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், ஃபேர்பேங்க்ஸ் நகரத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, செனா ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றை ஒட்டி ஒரு விடுதி இருக்கிறது. பொது மின்கம்பி எட்டாத இடம். பல ஆண்டுகள் டீசல் ஜெனரேட்டரை ஓட்டித்தான் விளக்கு எரித்தார்கள். 2006-இல் அங்கே ஒரு சின்ன மின்நிலையம் வந்தது. எரிபொருள் எதுவும் கிடையாது. நிலத்தடியிலிருந்து வரும் வெந்நீர் மட்டும்தான். அந்த வெந்நீரின் சூடு சுமார் 74 டிகிரி செல்சியஸ்.

74 டிகிரியில் தண்ணீர் கொதிக்காது. கொதிக்காவிட்டால் நீராவி இல்லை, நீராவி இல்லாவிட்டால் டர்பைன் எப்படிச் சுற்றும்? இந்தக் கேள்விக்குப் பதில்தான் பைனரி சைக்கிள். அந்தப் பதிலோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது: இவ்வளவு மிதமான சூட்டிலிருந்து எவ்வளவு மின்சாரத்தைக் கறக்க முடியும், அதைக் கூட்ட என்ன வழி? இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

இரண்டு திரவங்கள், ஒரு சுற்று

பைனரி நிலையத்தில் நிலத்தடி வெந்நீர் டர்பைன் பக்கமே போவதில்லை. அது ஒரு வெப்பப் பரிமாற்றிக்குள் நுழைந்து, தன் சூட்டை வேறொரு திரவத்துக்குக் கொடுத்துவிட்டு, திரும்ப பூமிக்குள் செலுத்தப்படுகிறது. சூட்டை வாங்கிக்கொள்ளும் இரண்டாவது திரவத்தை இயங்கு திரவம் என்று வைத்துக்கொள்வோம். இது தண்ணீரைவிட மிகக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கும். ஐசோபென்டேன் சாதாரணக் காற்றழுத்தத்தில் 28 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஐசோபியூட்டேனுக்கு மைனஸ் 12 டிகிரியே போதும். அழுத்தத்தை ஏற்றினால் கொதிநிலையும் ஏறும். அதனால் நமக்கு எந்தச் சூட்டில் கொதிக்க வேண்டுமோ அதற்கேற்ற அழுத்தத்தைப் பம்பை வைத்து அமைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். புதிய மாடலாக இருந்தால் அதில் ஆர்600ஏ என்று இருக்க வாய்ப்புண்டு. அது ஐசோபியூட்டேன்தான். ஃப்ரிட்ஜில் மின்சாரம் கொடுத்து கம்ப்ரஸரை ஓட்டுகிறோம்; அது உள்ளேயிருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறது. பைனரி நிலையம் அதே சுற்றைத் தலைகீழாக ஓட்டுகிறது. ஒரு பக்கம் சூட்டைக் கொடுக்கிறோம், மறுபக்கம் குளிரைக் கொடுக்கிறோம், இரண்டுக்கும் நடுவே மின்சாரம் வெளிவருகிறது. செனாவில் இதை அப்படியே செய்தார்கள். பெரிய கட்டடங்களுக்கான ஏசி சில்லரில் இருக்கும் கம்ப்ரஸரை எதிர்ப்பக்கமாக ஓடவிட்டு டர்பைனாக மாற்றினார்கள். இயங்கு திரவம் கார் ஏசியில் போடும் ஆர்134ஏ.

சுற்று இப்படிப் போகிறது. பம்ப் திரவத்தை உயர் அழுத்தத்துக்குத் தள்ளுகிறது. வெப்பப் பரிமாற்றியில் அது சூடாகி, கொதித்து, ஆவியாகிறது. அந்த ஆவி டர்பைனைச் சுற்றிவிட்டு அழுத்தம் குறைந்து வெளியே வருகிறது. கண்டென்சரில் குளிர்ந்து மறுபடி திரவமாகிறது. அப்புறம் மீண்டும் பம்ப். மூடிய சுற்று என்பதால் இயங்கு திரவம் வெளியே போவதில்லை. வெந்நீரில் கலந்திருக்கும் வாயுக்களும் உப்புகளும் பூமிக்கே திரும்பிவிடுகின்றன.

யோசனை புதிதல்ல. ரஷ்யாவின் கம்சாத்கா தீபகற்பத்தில் பாரதுன்கா என்ற இடத்தில் 1967-லேயே, சுமார் 81 டிகிரி வெந்நீரை வைத்து இப்படி ஒரு நிலையத்தை ஓட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

8 சதவீதம் என்றால் மோசமா?

செனாவின் கணக்கைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு இயந்திரத்துக்குள்ளும் விநாடிக்குச் சுமார் 33 கிலோ வெந்நீர் 73 டிகிரியில் நுழைந்து 54 டிகிரியில் வெளியேறுகிறது. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஆறினால் 4.2 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். பெருக்கிப் பார்த்தால் உள்ளே போகும் வெப்பம் ஏறத்தாழ 2,650 கிலோவாட். டர்பைன் தரும் மின்சாரம் 250 கிலோவாட். அதில் 40 கிலோவாட்டைப் பம்புகளே எடுத்துக்கொள்ள, மிஞ்சுவது 210 கிலோவாட். அதாவது வெப்பத்தில் 8 சதவீதம் மின்சாரமாகிறது. இந்தச் சதவீதத்தைத்தான் பயனுறு திறன் என்கிறோம்.

நிலக்கரி நிலையங்களின் 35 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இது பரிதாபமாகத் தெரியும். ஆனால் அது நியாயமான ஒப்பீடு இல்லை. எந்த வெப்ப இயந்திரத்துக்கும் இயற்கை ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. பள்ளியில் படித்த கார்னோ விதி அதுதான்: சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, சூடான பக்கத்தின் கெல்வின் வெப்பநிலையால் வகுக்க வேண்டும். செனாவில் குளிர்விக்கும் தண்ணீர் 4 டிகிரி. கணக்குப் போட்டால் வரம்பு 20 சதவீதம்.

உண்மையான வரம்பு அதைவிடவும் கீழே இருக்கிறது. கார்னோ விதி, சூடான பக்கம் எப்போதும் ஒரே சூட்டில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. வெந்நீரோ சூட்டைக் கொடுக்கக் கொடுக்க ஆறிக்கொண்டே போகும். 73 டிகிரி வெப்பம் முதல் துளிக்குத்தான். அடுத்தது 72, 71 என்று இறங்கும் வெப்பம். இதையும் கணக்கில் சேர்த்து, வெந்நீரைக் குளிர்ந்த பக்கத்தின் சூடு வரைக்கும் ஆறவிடுவதாக வைத்தால், வரம்பு ஏறத்தாழ, வெப்பநிலை வித்தியாசத்தை இரண்டு கெல்வின் வெப்பநிலைகளின் கூட்டுத்தொகையால் வகுத்த அளவுக்கு இறங்கிவிடும். செனாவுக்கு அது 11 சதவீதம். வெந்நீர் 54 டிகிரியிலேயே வெளியேறுவதால் செனாவின் வரம்பு இதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும், ஆனாலும் 8 சதவீதம் எடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது அருமையான பொறியியல்.

எதைக் கூட்டப் போகிறோம்?

தொடக்கநிலையில் பலரும் தடுமாறும் இடம் இது. பயனுறு திறனைக் கூட்டுவதும் மின்சாரத்தைக் கூட்டுவதும் ஒன்று என்று தோன்றும். பைனரி நிலையத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகக்கூடப் போகலாம்.

150 டிகிரி வெந்நீர் விநாடிக்கு ஒரு கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இயங்கு திரவத்தை அதிக அழுத்தத்தில், அதிகச் சூட்டில் கொதிக்க வைத்தால் சுற்றின் திறன் உயரும்; 14 சதவீதம் என்று கொள்வோம். ஆனால் 100 டிகிரிக்குக் கீழே இறங்கிய வெந்நீரால் அந்தத் திரவத்துக்குச் சூடு கொடுக்க முடியாது. எனவே 50 டிகிரி அளவுக்கு மட்டுமே வெப்பம் எடுத்தோம்: 210 கிலோவாட். கிடைத்த மின்சாரம் 29 கிலோவாட்.

இப்போது கொஞ்சம் குறைந்த சூட்டில் கொதிக்க விடுவோம். திறன் 12 சதவீதமாக இறங்குகிறது. ஆனால் வெந்நீரை 70 டிகிரி வரை ஆறவைக்க முடிகிறது. எடுத்த வெப்பம் 336 கிலோவாட், மின்சாரம் 40 கிலோவாட். சதவீதம் குறைந்து, மின்சாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. இவை புரிந்துகொள்வதற்காக நான் எடுத்த எண்கள்தான், ஆனால் உண்மையான நிலையங்களின் போக்கும் இதுவே.

நிலக்கரி நிலையத்தில் மிச்சம் பிடித்த வெப்பம் மிச்சமான நிலக்கரி. புவிவெப்பத்தில் பெரிய செலவு கிணறு தோண்டுவது. தோண்டி முடித்த கிணற்றிலிருந்து வரும் ஒவ்வொரு கிலோ வெந்நீரிலும் அதிகபட்ச மின்சாரம் எடுப்பதுதான் நம் இலக்கு. ஆகவே ஒரு நிலையம் 14 சதவீதத் திறன் கொண்டது என்று யாராவது சொன்னால், வெந்நீர் எத்தனை டிகிரியில் வெளியேறுகிறது என்று கேட்டுவிட வேண்டும்.

குளிர்ந்த பக்கம்தான் பெரிய விஷயம்

திறனைக் கூட்ட வேண்டும் என்றதும் எல்லோருக்கும் சூடான பக்கம்தான் நினைவுக்கு வருகிறது. பூமிக்கடியில் இருக்கும் சூட்டை நாம் கூட்ட முடியாது. ஆழமாகத் தோண்டலாம், ஆனால் பணம் ஓடிவிடும். குளிர்ந்த பக்கம் மட்டும் ஓரளவு நம் கையில் இருக்கிறது.

வெந்நீர் 150, சுற்றுப்புறம் 25 டிகிரி என்றால், ஆறிக்கொண்டே போகும் வெந்நீருக்கான வரம்பு 17.3 சதவீதம். வெந்நீரை 160 ஆக்கினால் 18.5. அதற்குப் பதில் குளிர்ந்த பக்கத்தை 15-க்கு இறக்கினால் 19. ஒரே பத்து டிகிரிதான், குளிர்ந்த பக்கத்தில் அதற்குப் பலன் கூடுதல்.

இதே கணக்கு கோடையில் எதிராகத் திரும்பும். பல பைனரி நிலையங்கள் அமெரிக்காவின் நெவாடா போன்ற வறண்ட நிலங்களில் இருக்கின்றன. தண்ணீர் அரிது என்பதால் கண்டென்சரைக் காற்றால் குளிர்விக்கிறார்கள். வரிசை வரிசையாகப் பெரிய விசிறிகள், அவற்றுக்குக் கீழே தகடு செருகிய குழாய்கள். நிலையத்தின் நிலப்பரப்பில் கணிசமான பகுதி இந்தக் கண்டென்சருக்கே போய்விடும். வெளியே 0 டிகிரி இருக்கும் இரவில் வரம்பு 21.6 சதவீதம், 40 டிகிரி மதியத்தில் 14.9. இயற்கையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது. அதோடு விசிறிகளின் செலவும் டர்பைன் தனக்கு ஏற்ற நிலையிலிருந்து விலகுவதும் சேரும்போது, கொளுத்தும் மதியத்தில் உற்பத்தி குளிர்காலத்தில் கிடைப்பதில் பாதியளவுக்குக்கூட விழலாம். எல்லோரும் ஏசி போடும் நேரமும் அதுதான்.

இதற்குப் பல வைத்தியங்கள் உண்டு. ஈரக் குளிர்கோபுரம் வைத்தால் கண்டென்சர் இன்னும் குளிர்ச்சியாக ஓடும்; வறண்ட ஊரில் இந்தப் பலன் நன்றாகவே தெரியும், ஆனால் நிறையத் தண்ணீர் ஆவியாகிப் போகும். காற்று கண்டென்சருக்குள் நுழையும் இடத்தில் ஈரமான அட்டைகளை வைத்து, கோடை மதியங்களில் மட்டும் தண்ணீரைச் சொட்டவிட்டுக் காற்றைக் குளிரவைப்பது நடுவழி. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் தண்ணீர்ச் செலவு குறைவு, மிகவும் தேவைப்படும் மணிநேரங்களில் மின்சாரம் கூடும். எனக்கு இந்த வழிதான் பல இடங்களுக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

செனாவுக்கு அந்தக் கவலை இல்லை. மேட்டிலிருக்கும் கிணற்றின் குளிர்ந்த நீர் சைஃபன் முறையில் தானே இறங்கி வருகிறது. அதனால் குளிர்விக்கும் பம்பின் செலவும் மிச்சம். 74 டிகிரி வெந்நீர் அங்கே எடுபட்டதற்குப் பாதிக் காரணம் அலாஸ்காவின் குளிர்தான்.

கொதிக்கும் இடத்தில் ஒரு இடறல்

சூடான பக்கத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெந்நீர் ஆறும்போது அதன் வெப்பநிலை ஒரே சரிவாக இறங்கும். ஆனால் தூய்மையான இயங்கு திரவம் முதலில் சூடேறும், கொதிக்கத் தொடங்கியதும் ஒரே வெப்பநிலையில் நின்றுகொண்டு நிறைய வெப்பத்தை விழுங்கும். இரண்டையும் வரைபடத்தில் போட்டால் ஒன்று சரிவுப் பாதை, மற்றொன்று படிக்கட்டு. கொதிப்பு தொடங்கும் புள்ளியில் இரண்டும் மிக நெருங்கி வரும். பொறியாளர்கள் அதை பிஞ்ச் பாயின்ட் என்பார்கள். அங்கே சில டிகிரி இடைவெளியாவது இல்லாவிட்டால் வெப்பம் பாயாது. மற்ற இடங்களில் இடைவெளி தேவைக்கு மேல் அகன்று கிடக்கும். அந்த அகலம் முழுவதும் நாம் இழக்கும் மின்சாரம்.

படிக்கட்டைச் சரிவாக்க மூன்று வழிகளை முயன்றிருக்கிறார்கள். முதலாவது, ஒரே அழுத்தத்துக்குப் பதில் இரண்டு அழுத்தங்களில் கொதிக்க வைப்பது. ஒரு பெரிய படி இரண்டு சின்னப் படிகளாகும். அமெரிக்க எரிசக்தித் துறை 1980களின் தொடக்கத்தில் ஐடஹோ மாநிலத்தின் ராஃப்ட் ரிவரில் ஐசோபியூட்டேனை வைத்து இதைச் சோதித்தது. இன்று இது பழகிய முறை.

இரண்டாவது, கலவைத் திரவம். இரண்டு பொருட்களின் கலவை ஒரே வெப்பநிலையில் கொதிக்காது. எளிதில் ஆவியாவது முதலில் போக, கொதிநிலை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வரும், வெந்நீரின் சரிவோடு ஒட்டிப்போகும். அம்மோனியாவும் தண்ணீரும் கலந்த கலினா சுழற்சி இந்த வகை. ஐஸ்லாந்தின் ஹூசாவிக் ஊரில் 2000-இல் சுமார் 120 டிகிரி வெந்நீரை வைத்து 2 மெகாவாட் அளவில் கட்டினார்கள். தாளில் அழகான சுழற்சி. நடைமுறையில் அரிமானமும் பராமரிப்பும் பெரும் தொல்லையாகின. கலினா முறை பரவலாகாமல் போனதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் ஒரு மின்நிலையம் ஆண்டில் எத்தனை மணிநேரம் நிற்காமல் ஓடுகிறது என்பது சுழற்சியின் அழகைவிட முக்கியம்.

மூன்றாவது, கொதிப்பையே தாண்டிவிடுவது. திரவத்தை அதன் மாறுநிலை அழுத்தத்துக்கு மேல் ஏற்றிவிட்டால், அது குமிழிவிடாமல் படிப்படியாக அடர்த்தி குறைந்து ஆவிபோல ஆகிவிடும். படிக்கட்டே இல்லை. கலிபோர்னியாவின் ஹீபரில் 1985-இல் ஒரு பெரிய செயல்விளக்க நிலையம் இப்படி ஓடியது. விலை என்னவென்றால், ஐசோபியூட்டேனுக்கு மாறுநிலை அழுத்தம் 36 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 36 மடங்கு. அதற்கு மேல் தள்ளும் பம்ப் டர்பைன் தருவதில் பெரிய பங்கைத் தின்னும்.

திரவத்தைத் தேர்ந்தெடுப்பதில் வெப்பவியல் மட்டும் போதாது. பென்டேனும் பியூட்டேனும் எளிதில் தீப்பற்றும். ஆர்134ஏ தீப்பற்றாது, ஆனால் கசிந்தால் புவி வெப்பமாதலுக்குக் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் காரணமாகும். தூய்மையான மின்சாரத்துக்காகக் கட்டும் நிலையத்தில் அதைக் கசியவிடுவது பெரிய முரண். இப்போது அந்தப் பாதிப்பு மிகக் குறைந்த புதிய திரவங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

சிலிக்கா போடும் எல்லைக்கோடு

வெந்நீரை முடிந்தவரை ஆறவைக்க வேண்டும் என்று மேலே சொன்னேன். அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆழத்துப் பாறையிலிருந்து கரைந்து வந்த சிலிக்கா வெந்நீரில் இருக்கும். நீர் ஆற ஆற அதைக் கரைத்து வைத்திருக்க முடியாமல், சிலிக்கா குழாய்ச் சுவரிலும் பரிமாற்றியிலும் கண்ணாடிபோல இறுகிவிடும். பூமிக்குள் திருப்பி அனுப்பும் கிணற்றையே அடைத்துவிடும் ஆபத்தும் உண்டு. மெல்லிய படிவு விழுந்தாலே வெப்பம் பாய்வது குறைந்து, நிலையத்தின் உற்பத்தி சத்தமில்லாமல் சரியும். அமிலம் கொஞ்சம் சேர்த்துப் படிவதைத் தாமதப்படுத்துகிறார்கள். அடிக்கடி சுத்தம் செய்கிறார்கள். புதிய டர்பைன் வாங்குவதற்கு முன்னால் பரிமாற்றியைத் திறந்து பார்ப்பது நல்லது.

இந்த எல்லை இருக்கும் இடத்தில்தான் ரெக்யூபரேட்டர் என்ற கருவிக்கு வேலை வருகிறது. ஐசோபென்டேன் போன்றவை டர்பைனை விட்டு வரும்போதும் சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டைக் கண்டென்சரில் வீணாக்காமல், பம்பிலிருந்து வரும் குளிர்ந்த திரவத்துக்குக் கொடுக்கிறது இந்தக் கருவி. திறன் கூடும், சந்தேகமில்லை. ஆனால் அதனால் வெந்நீரிலிருந்து எடுக்கும் வெப்பம் குறைந்து, வெந்நீர் கூடுதல் சூட்டோடு வெளியேறும். மின்சாரம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். சிலிக்காவுக்குப் பயந்து வெந்நீரை எப்படியும் சூடாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்ற நிலையில் மட்டும், ரெக்யூபரேட்டர் உண்மையிலேயே கூடுதல் மின்சாரம் தரும்.

வீட்டுச் செலவு

டர்பைன் தரும் மின்சாரம் முழுவதும் வெளியே போவதில்லை. கிணற்றுக்குள் ஆழத்தில் இருக்கும் பம்ப், இயங்கு திரவப் பம்ப், கண்டென்சர் விசிறிகள் எல்லாம் அதே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. செனாவில் 250-இல் 40 போனதைப் பார்த்தோம். பல நிலையங்களில் இதைவிட அதிகம் போகும். மோட்டார்களின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் டிரைவ்களைப் பொருத்துவது எளிய, நல்ல பலன் தரும் வேலை. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும். குளிர்ந்த இரவில் எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் சுற்றவிடுவதில் அர்த்தமில்லை. கிணற்றுப் பம்பை மட்டும் அளவோடு கையாள வேண்டும். அழுத்தம் குறைந்தால் நீரில் கரைந்த வாயு வெளியேறி, சுண்ணாம்புப் படிவு கிணற்றுக்குள்ளேயே விழுந்துவிடும்.

சூரியனைத் துணைக்கு அழைப்பது

நெவாடாவின் ஸ்டில்வாட்டர் நிலையம் கோடைப் பிரச்சினையை வேறு கோணத்தில் அணுகியது. 2009-இல் ஓடத் தொடங்கிய பைனரி நிலையம் அது. 2012-இல் பக்கத்திலேயே 26 மெகாவாட் சோலார் பேனல்களை வைத்தார்கள். புவிவெப்பம் துவளும் அதே மதியத்தில் பேனல்கள் உச்சத்தில் இருக்கும், இரவில் நேர்மாறாகும். அடுத்த சில ஆண்டுகளில் வளைந்த கண்ணாடி வரிசைகளையும் சேர்த்தார்கள். அவை மின்சாரம் செய்வதில்லை. சூரிய வெப்பத்தைத் திரட்டி, வெந்நீர் பரிமாற்றிக்குள் போகும் முன் அதை இன்னும் சூடாக்குகின்றன. ஆண்டுகள் போகப்போகக் கிணற்று நீரின் சூடு இறங்குவது பல புவிவெப்பக் களங்களில் நடப்பதுதான். அப்போது டர்பைன் அரைகுறையாக ஓடும். இருக்கும் டர்பைனுக்கே கூடுதல் சூடு கொடுப்பது, புதிய கிணறு தோண்டுவதற்கு ஒரு மாற்று.

இந்தியாவில் இந்தக் கணக்குகள் எல்லாம் ஒன்றாகக் கூடும் இடம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு. ஊற்று நீர் 84 டிகிரி வரை இருக்கிறது, அந்த உயரத்தில் தண்ணீரின் கொதிநிலையே ஏறத்தாழ அவ்வளவுதான். துளையிட்ட கிணறுகளில் 100 டிகிரிக்கு மேல் கண்டிருக்கிறார்கள். ஓஎன்ஜிசி நிறுவனம் 2021-இல் ஒப்பந்தம் போட்டு, முதற்கட்டமாக 1 மெகாவாட் நிலையத்தைத் திட்டமிட்டது. குளிருக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் கண்டென்சருக்குக் கொண்டாட்டம் என்று தோன்றும். ஆனால் பூகா சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அதே வெப்பத்தை அகற்ற விசிறிகள் ஒன்றரை மடங்கு கனஅளவு காற்றைத் தள்ள வேண்டும், அதற்குக் கண்டென்சரும் பெரிதாக வேண்டும். நீரால் குளிர்விக்கலாம் என்றால் குளிர்காலத்தில் உறைந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே நிலையம் வடிவமைப்பவர்களுக்கு டர்பைனைவிடக் கண்டென்சர்தான் அதிக வேலை வைக்கும்.